ஆழியாறில் அகத்தாய்வு: ஒரு விடுமுறைப் பயணக் குறிப்பு

புதன்கிழமை, கோயம்புத்தூர்

காலாண்டுத் தேர்வு விடைத்தாள்களைத் திருத்தி ஒப்படைத்த கையோடு, மயிலாடுதுறை ஜனசதாப்தியில் கும்பகோணத்தில் ஏறி, இரவு கோவை வந்து சேர்ந்தேன். நாளை காலை பொள்ளாச்சி வழியாக ஆழியாறுக்குச் செல்கிறேன். அங்கு வேதாத்திரி மகரிஷி நிறுவிய அறிவுத் திருக்கோயில் என்ற தியான மையத்தில் தங்கி, தன்னைத் தானே ஆராயும் அகத்தாய்வு வகுப்பில் கலந்துகொள்வதற்காகவே இந்த விடுமுறையை ஒதுக்கி வைத்திருந்தேன். அன்றாடம் எழுதி அன்றன்றே பதிவிடுவதாக நண்பர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

தன்னை அறிதல் என்பதைப் பற்றி நம் மொழியில் எழுதப்பட்டவற்றுக்குக் குறைவில்லை. ஆயினும் அவற்றில் பெரும்பாலானவை அறிந்தவரின் நிலையை வருணிக்கின்றனவே தவிர, அறியாதவர் எந்தப் படியில் முதலில் கால் வைக்க வேண்டும் என்பதைச் சொல்வதில்லை. பள்ளியில் அறிவியல் நடத்தும் எனக்கு முறை முக்கியம். எதைக் கவனிப்பது, எப்போது கவனிப்பது, கவனித்ததை எங்கே குறித்து வைப்பது என்ற மூன்றும் தெளிவாக இல்லாத இடத்தில் ஆராய்ச்சி என்ற சொல்லுக்கு இடமில்லை என்று மாணவர்களுக்குச் சொல்லி வருகிறேன். அகத்தாய்வு என்று பெயரிலேயே ஆய்வை வைத்துக்கொண்டிருக்கும் ஒரு பயிற்சி, அந்தப் பெயருக்கு உரிய ஒழுங்கோடு நடக்கிறதா என்று பார்க்கவே வந்திருக்கிறேன்.

வியாழக்கிழமை, ஆழியாறு

உக்கடத்தில் ஏறிப் பொள்ளாச்சியில் இறங்கி, அங்கிருந்து வால்பாறைப் பேருந்தைப் பிடித்தேன். ஊர் எல்லை தாண்டியதும் இருபுறமும் தென்னை, அதற்கு மேல் ஆனைமலைத் தொடர், மலையடிவாரத்தில் அணை. 1962-இல் திறக்கப்பட்ட ஆழியாறு அணை, பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தின் ஒரு பகுதி. தென்மேற்குப் பருவமழை ஓய்ந்துவரும் காலம் என்பதால் நீர்மட்டம் நன்றாகவே இருந்தது. நாற்பது கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட வால்பாறைச் சாலை இதற்கு மேல்தான் தொடங்குகிறது. பேருந்தில் வந்த பலர் அந்த மலையேற்றத்துக்காகவே முன்னிருக்கைகளைப் பிடித்திருந்தனர். நான் அடிவாரத்திலேயே இறங்கிக்கொண்டேன்.

இந்த இடத்தை நிறுவிய வேதாத்திரி மகரிஷி, 1911 ஆகஸ்ட் 14 அன்று கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே தறியில் அமர்ந்தவர். மணமாகிக் குடும்பம் நடத்தியவர். நெசவுத் தொழிலைப் பெருக்கிப் பலருக்கு வேலை கொடுத்தவர். பரஞ்சோதி மகானிடம் தீட்சை பெற்று, 1958-இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். 1984-இல் ஆழியாறில் இந்த மையத்தை அமைத்தார். 2006 மார்ச் 28 அன்று காலமானார். காடு சென்று கண்மூடி அமர்ந்த ஒருவரின் முறையாக இது பிறக்கவில்லை என்பதை இந்த வாழ்க்கைக் குறிப்பே காட்டுகிறது. கூலி கொடுக்க வேண்டிய நாளையும், நூல் விலை ஏறிய வாரத்தையும், வீட்டுச் சண்டையையும் நேரில் கண்ட ஒருவர், அவற்றுக்கு நடுவே மனத்தைச் செப்பனிட்டுக்கொள்ள வழி தேடியிருக்கிறார்.

நானும் திருபுவனத்தில் ஒரு பட்டு நெசவாளரின் மகளாகப் பிறந்தவள். பாவில் ஓர் இழை அறுந்தால் அப்பா உடனே தறியை நிறுத்திவிடுவார். ஆயிரக்கணக்கான இழைகளுக்கிடையே அறுந்த முனையைத் தேடிப் பிடித்து, ஒட்டு நூல் வைத்துப் பிணைத்து, அதற்குரிய கண்ணில் மட்டும் நுழைத்து, விரலால் நீவிச் சரிபார்த்த பிறகுதான் மறுபடி மிதிப்பலகையில் கால் வைப்பார். சேலை முழுவதையும் விரித்து வைத்துக்கொண்டு வருந்துவதால் இழை சேராது. இங்கு முதல் வகுப்பில் ஆசிரியர் பேசத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே, இந்த முறையை வகுத்தவரின் கை எந்தத் தொழிலில் பழகியது என்பது எனக்குப் புரிந்துவிட்டது.

ஐந்து பாடங்கள்: எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல், நான் யார். ஒவ்வொன்றுக்கும் விளக்க உரை, அதன் பின் தவம் எனப்படும் தியானம், அதன் பின் தனித்தனியே அமர்ந்து எழுதுதல். அறையில் எனக்குத் துணையாக உடுமலைப்பேட்டைப் பக்கத்தில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் அம்மா ஒருவர் இருக்கிறார். வயது எழுபதுக்கு மேல். பையை வைத்ததும், "ஏனுங்க டீச்சர், நமக்கு எழுத்து அவ்வளவா வராதுங்க. எழுதச் சொன்னா கொஞ்சம் ஒத்தாசை பண்ணோணுமுங்க" என்றார். செய்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை, ஆழியாறு

விடியுமுன் உடற்பயிற்சி. கைப்பயிற்சி, கால் பயிற்சி, நரம்பு தசைநார் மூச்சுப்பயிற்சி, கண் பயிற்சி, கபாலபதி, மகராசனம் என்று வரிசையாகச் சென்று உடல் தளர்த்தலில் முடிகிறது. முதியவர்களும் செய்யத்தக்க அளவுக்கு எளிமையாக்கப்பட்ட அசைவுகள். அதன் பின் ஆக்கினை தவம்: புருவ மையத்தில் கவனத்தை நிறுத்தி அமர்ந்திருப்பது.

விளக்க உரையில் மூளை அலைகள் பற்றிச் சொன்னார்கள். மன அலைச்சுழல் விநாடிக்கு 14 முதல் 40 வரை, அதாவது பீட்டா நிலையில், ஓடும்போது உணர்ச்சிவயப்படுகிறோம் என்றும், தவத்தால் அதை ஆல்ஃபா, தீட்டா, டெல்டா என்று படிப்படியாகக் குறைக்கலாம் என்றும் வேதாத்திரி கற்பித்தார். அறிவியல் ஆசிரியை என்ற முறையில் இங்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1920-களில் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலில் பதிவு செய்த நாளிலிருந்து அந்த அலைவரிசைகள் அளக்கப்பட்டு வருகின்றன. கண்ணை மூடி அமைதியாக அமர்ந்தால் ஆல்ஃபா அலைகள் மேலோங்குவதும் உண்மை. ஆனால் அந்த எண், ஒருவரது குணத்தின் அளவீடு ஆகாது. விழிப்போடு ஒரு கணக்கைப் போடும்போதும், அன்போடு ஒரு குழந்தையிடம் பேசும்போதும் பீட்டா அலைகள் இருக்கவே செய்யும். இந்தப் பயிற்சியின் மதிப்பு அலைக்கணக்கில் இல்லை; தவத்துக்குப் பின் கையில் தரப்படும் வெற்றுத் தாளில் இருக்கிறது என்பது என் துணிபு.

அந்தத் தாளில் இன்று எண்ணங்களை எழுதினோம். எண்ணம் எழுவதற்கு ஆறு காரணங்களை வேதாத்திரி வகுத்திருக்கிறார்: தேவை, பழக்கம், சூழ்நிலைக் கட்டாயம், பிறர் மனத் தூண்டுதல், கருவமைப்பு (முன்னோர் வழியாக வந்த பதிவுகள்), தெய்வீகம். சிறிது நேரம் மௌனமாக அமர்ந்து, மனத்தில் தோன்றியவற்றைத் தோன்றிய வரிசையிலேயே குறித்துக்கொண்டு, பிறகு ஒவ்வொன்றின் எதிரிலும் அது எந்தக் காரணத்தால் எழுந்தது என்று எழுத வேண்டும். கடைசி இரண்டு காரணங்களைப் பற்றி எனக்குச் சொல்ல எதுவுமில்லை. கருவமைப்பு என்று எதையும் அடையாளம் காட்டும் தகுதி ஒரு மணி நேரத்தில் எவருக்கும் வந்துவிடாது. ஆனால் முதல் நான்கும் மிகக் கூர்மையானவை.

பசித்ததால் உணவு நினைவு வந்தது என்றால் அது தேவை. நான்கு மணி ஆனதால் காபி நினைவு வந்தது என்றால் அது பழக்கம். இரண்டும் ஒரே எண்ணமாகவே தோன்றும். எழுதிப் பிரித்தால்தான் வேறுபாடு புலப்படுகிறது. என் தாளில் மிகுதியாக இடம் பிடித்திருந்தது பிறர் மனத் தூண்டுதல். யாரோ எப்போதோ சொன்ன ஒரு சொல்லுக்கு நான் இன்னும் மனத்துக்குள் பதில் தயாரித்துக்கொண்டிருக்கிறேன் என்பது, பட்டியலின் நடுவே அடுத்தடுத்து வந்த மூன்று வரிகளில் தெரிந்தது. அதை நினைத்துக்கொண்டிருந்தபோது நான் சிந்தித்துக்கொண்டிருப்பதாகவே கருதியிருந்தேன். பெயரிட்ட பிறகு அதன் பிடி சற்றுத் தளர்ந்தது.

எழுதுவதால் மனத்துக்கு ஏற்படும் பயனை மேலை நாட்டு உளவியலும் ஆராய்ந்திருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் அவருடைய மாணவியும் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாள்கள், நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடம், தம் வாழ்வின் துயரமான அனுபவங்களைப் பற்றி எழுதச் சொன்னார்கள். அந்த அனுபவத்தின் நிகழ்ச்சிகளோடு உணர்ச்சிகளையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்து வந்த மாதங்களில் மருத்துவ மையத்தை நாடியது குறைந்திருந்தது. அதன் பின் நடந்த பல ஆய்வுகளில் பயன் சிறிதாகவும், ஆளுக்கு ஆள் மாறுபடுவதாகவும் தெரியவந்தது. அந்த எச்சரிக்கையோடு எடுத்துக்கொண்டாலும், உள்ளே சுழல்வதை வெளியே வரிசைப்படுத்துவதில் ஏதோ ஒரு நன்மை இருக்கிறது என்பதில் ஐயமில்லை.

பிற்பகலில் ஆசை சீரமைத்தல். ஆசையை அறு என்று இங்கு சொல்வதில்லை. ஒவ்வோர் ஆசையையும் எழுதி, இது தேவையா, இதை நிறைவேற்றும் வசதி உண்டா, நிறைவேறினால் பின்விளைவு என்ன என்று கேட்டு, வைத்துக்கொள்ள வேண்டியதை வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். குடும்பத்தில் இருப்பவர்களுக்கு இது நியாயமான அணுகுமுறை. உடுமலை அம்மாவின் பட்டியலில் ஒரே ஓர் ஆசைதான் இருந்தது: பேத்தியின் கல்யாணத்தைப் பார்க்க வேண்டும். "தேவையான்னு கேட்டா என்னன்னு சொல்றதுங்க?" என்று என்னைப் பார்த்தார். தேவை என்று எழுதினேன்.

சனிக்கிழமை, ஆழியாறு

சினம் தவிர்த்தல் வகுப்புக்கு ஒரு முழுப் பொழுதை ஒதுக்கியிருந்தார்கள். இந்தப் பயணத்தில் நான் மிகவும் எதிர்பார்த்ததும் இதையே.

சினம் கொள்ளும்போது அட்ரினலின் சுரந்து இதயத் துடிப்பு ஏறுவதையும், இரத்த அழுத்தம் உயர்வதையும், செரிமானம் தடைப்படுவதையும் பத்தாம் வகுப்புக்கே நான் நடத்தியிருக்கிறேன். அந்த அறிவு எவருடைய சினத்தையும் குறைத்ததாகத் தெரியவில்லை. இங்கு உடலியலைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நேரே தாளுக்கு வந்துவிட்டார்கள். யார் யார் மீது உங்களுக்குச் சினம் வருகிறதோ அவர்களின் பெயர்களை எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, எப்போது, எதன் பொருட்டு என்று எழுதுங்கள் என்றார் ஆசிரியர். பொதுவாக எழுதக் கூடாது. "மரியாதை இல்லாதவர்கள் மீது" என்று ஒருவர் எழுதியதை ஏற்றுக்கொள்ளாமல், அவர்கள் யார், எந்த இடத்தில், என்ன சொன்னார்கள் என்று கேட்டார்.

கூடம் அமைதியாக எழுதியது. அரை மணிக்குப் பின் ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டார்: "உங்கள் மேலதிகாரியின் பெயர் எத்தனை பேர் பட்டியலில் இருக்கிறது?"

கைகள் மிகக் குறைவாகவே உயர்ந்தன. என் பட்டியலைப் பார்த்தேன். அம்மா இருந்தார், மகள் இருந்தாள், எட்டாம் வகுப்பில் பின் பெஞ்சில் அமரும் மூவர் இருந்தனர், வீட்டு வேலைக்கு வரும் பெண் இருந்தார். கல்வித் துறையில் என்னை அலைக்கழித்தவர்கள் ஒருவரும் இல்லை. அவர்கள் மீது எனக்கு மனத்தாங்கல் உண்டு. ஆனால் குரல் உயர்ந்ததில்லை. அண்ணனின் பெயரும் பட்டியலில் இல்லை. அப்பாவின் காலத்துக்குப் பின் பூர்விக வீட்டைப் பிரித்ததில் ஏற்பட்ட மனக்கசப்பு எங்களுக்குள் உண்டு. சினம் என்ற தலைப்பில் அவர் பெயரை எழுத எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாயிரம் ஆண்டு மரபில் வந்த நம் நாட்டவர் இதைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. வெகுளாமை அதிகாரத்தின் முதற்குறளே இதுதான்:

செல்லிடத்துக் காப்பான் சினங்காப்பான் அல்லிடத்துக்
காக்கின்என் காவாக்கால் என்.

பலிக்கும் இடத்தில் அடக்குபவனே சினத்தை அடக்குபவன். பலிக்காத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன. பள்ளி ஆண்டுவிழாக்களில் எத்தனையோ பிள்ளைகளுக்கு இதை ஒப்பிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். பெயர்ப் பட்டியல் ஒன்றைக் கண்முன் வைத்துக்கொண்டு படித்தபோதுதான் இது அறிவுரையாக இல்லாமல் ஒரு பரிசோதனை முறையாகவே எனக்குத் தோன்றியது. சினம் தன்னை மீறி வருகிறது என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். அப்படி மீறி வருவது உண்மையானால் ஆள் பார்த்து வரக் கூடாது. எதிர்த்துப் பேச இயலாதவரிடம் மட்டுமே வருகிறது என்றால், அதை அவிழ்த்து விடுவதா கட்டி வைப்பதா என்ற முடிவை உள்ளே யாரோ முன்பே எடுத்துவிடுகிறார்கள். அந்த யாரோவைச் சந்திப்பதற்குப் பெயர் தன்னை அறிதல் என்றால், அதற்கு மலைக்குகை வேண்டியதில்லை; பெயர்களை ஒளிக்காமல் எழுதிய ஒரு தாள் போதும். இந்தப் பயணத்தில் நான் சொல்ல விரும்புவது முக்கியமாக இதுதான். தன்னை மட்டும் தனியே பார்த்துத் தன்னை அறிய இயலாது. நம்மோடு வாழ்பவர்களை வரிசையாக நிறுத்தி, அவர்கள் ஒவ்வொருவர் முன்னும் நாம் யாராகிறோம் என்று பார்த்தால்தான் அறிய இயலும்.

எழுதி முடித்ததும், பட்டியலில் ஒருவரை மட்டும் தேர்ந்தெடுத்து, அவரிடம் சினம் கொள்வதில்லை என்று சங்கல்பம் செய்துகொள்ள வேண்டும். நாள்தோறும் தவத்தின் முடிவில் அவரை நினைத்து "வாழ்க வளமுடன்" என்று வாழ்த்த வேண்டும். எல்லோர் மீதும் ஒரே நாளில் அன்பு செலுத்தச் சொல்லாமல், ஒருவர் என்று குறுக்கியதில் தொழில் தெரிந்தவரின் அறிவு இருக்கிறது. நான் அம்மாவைத் தேர்ந்தெடுத்தேன். அவருக்கு இப்போது கேள்விப்புலன் குறைந்துவிட்டது. ஒரே கேள்வியை மறுபடி மறுபடி கேட்பார். மூன்றாவது முறை பதில் சொல்லும்போது என் குரல் எந்த இடத்தில் மாறும் என்பது எனக்குத் துல்லியமாகத் தெரியும். அந்த இடத்தைத் தாளில் குறித்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, ஆழியாறு

கவலைகளை நான்காகப் பிரிக்கச் சொல்கிறார்கள்: அனுபவித்தே தீர வேண்டியவை, அலட்சியம் செய்ய வேண்டியவை, தள்ளிப்போட வேண்டியவை, உடனே தீர்க்க வேண்டியவை. கேட்கும்போது எளிதாக இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட கவலையை எடுத்து எந்தப் பெட்டியில் போடுவது என்று முடிவு செய்ய முற்படும்போது கடினம் தெரிகிறது.

உடுமலை அம்மாவுக்காக நான் எழுதினேன். அவருடைய முதல் கவலை தோப்பு. கேரள வேர் வாடல் நோய் என்று சொல்லப்படும் நோய் பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலை வட்டாரத் தோப்புகளில் பரவியிருக்கிறது. ஃபைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரால் வருவது. பூச்சிகள் வழியாக மரம் விட்டு மரம் தாவுகிறது. ஓலைகள் மஞ்சளித்து, மட்டைகள் வளைந்து தொங்கி, காய்ப்பு குறையும். நோயை முற்றாகப் போக்கும் மருந்து இல்லை. உரமும் பராமரிப்பும் கொடுத்துச் சமாளிக்கலாம். கடுமையாகத் தாக்கப்பட்ட மரங்களை வெட்டி அப்புறப்படுத்த வேண்டும். ஆழியாறு நகரிலேயே இருக்கும் வேளாண் பல்கலைக்கழகத்தின் தென்னை ஆராய்ச்சி நிலையத்துக்கு அவர் மகன் இரண்டு முறை வந்து கேட்டுப் போயிருக்கிறார்.

"இதை எதுல எழுதறதுங்க?" என்றார்.

நோய்க்கு மருந்தில்லை என்பதால் அனுபவித்தே தீர வேண்டியது என்று நான் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

"நோவு வந்ததை அனுபவிச்சுத்தானுங்க ஆகோணும். ஆனா மரத்த வெட்டறதுன்னா அது இன்னிக்கே செய்யோணும். நாம வெட்டாம வெச்சிருந்தா பக்கத்துத் தோப்புக்காரனுக்குப் போயிருமுங்க. எம்பட மாமனார் வெச்ச மரமுங்க, அதனால மனசு வராம நாந்தான் பையனத் தடுத்துட்டு இருக்கறேன். ரெண்டா எழுதுங்க டீச்சர்."

இரண்டாகவே எழுதினேன். ஒரே கவலை என்று அதுவரை அவர் சுமந்து வந்தது, நோய் ஒன்று, வெட்ட மனம் வராமை ஒன்று என்று இரண்டாகப் பிரிந்து இரண்டு இடங்களுக்குப் போனது. எழுத்து அவ்வளவாக வராது என்று சொன்னவர் இந்தக் கூடத்தில் இருந்த எவரையும்விடச் சரியாக அகத்தாய்வு செய்தார் என்று உறுதியாகச் சொல்வேன். இதைப் பதிவில் எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க, தோப்பு வெச்சிருக்கறவங்க நாலு பேரு படிக்கட்டும்" என்றார்.

மாலையில் கடைசிப் பாடம்: நான் யார். பரம்பொருளிலிருந்து விண், விண்ணிலிருந்து பஞ்சபூதங்கள், அதிலிருந்து உயிர், உயிரின் படர்க்கை நிலையாக மனம் என்று ஒரு நீண்ட தொடரை விளக்கி, அறிவே நான் என்ற இடத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். இந்த அண்டவியல் விளக்கத்தை நான் இயற்பியலாக ஏற்கவில்லை. ஒரு தத்துவ நோக்காகக் கேட்டுக்கொண்டேன். என் கவனத்தை ஈர்த்தது பாடத்தின் இடம். இது ஐந்தாவதாக வைக்கப்பட்டிருக்கிறது.

திருவண்ணாமலையில் இந்தக் கேள்வியே முதலும் முடிவும். 1896 ஜூலையில் மதுரையில் பதினாறு வயதுச் சிறுவன் வேங்கடராமன் (பின்னாளில் ரமண மகரிஷி), திடீரென்று எழுந்த மரண பயத்தை நேருக்கு நேர் சந்திக்கத் தரையில் படுத்து, இறப்பது எது என்று தனக்குள் விசாரித்தான். அவன் மனம் அன்றே தன் மூலத்தில் நிலைபெற்றது. அந்த ஆண்டு செப்டம்பர் 1 அன்று அருணாசலத்தை அடைந்தவன், 1950 ஏப்ரல் 14 அன்று மறையும் வரை அந்த மலையை விட்டு நீங்கவில்லை. ரமண மகரிஷி தம்மிடம் வந்தவர்களுக்கும் அந்தக் கேள்வியையே கொடுத்தார்: எந்த எண்ணம் எழுந்தாலும் இது யாருக்கு எழுந்தது என்று கேள், எனக்கு என்று தோன்றினால் நான் யார் என்று கேள். பட்டியல் இல்லை, பிரிவு இல்லை, தாள் இல்லை. அதன் நேர்மைக்கு முன் தலை வணங்குகிறேன்.

ஆயினும் அந்தக் கேள்வியைப் பல ஆண்டுகள் கேட்டும், பிள்ளைகளிடமும் வேலையாட்களிடமும் நடந்துகொள்ளும் விதம் இம்மியும் மாறாதவர்களை நான் அறிவேன். கேள்வியில் குறையில்லை. அது கூர்மையான கேள்வி என்பதாலேயே, ஆயத்தமில்லாத மனம் அதை ஒரு சொல்லாக்கி வைத்துக்கொண்டு அமைதியாகிவிடுகிறது. வேதாத்திரி அதை ஐந்தாவதாக வைத்து, அதற்கு முன் நான்கு வாயில்களிலும் ஆளை நிறுத்தி, நீ எதை எண்ணுகிறாய், எதை விரும்புகிறாய், யாரைச் சினக்கிறாய், எதற்கு அஞ்சுகிறாய் என்று கேட்டுவிட்டு உள்ளே விடுகிறார். சம்சாரிகளுக்கு இந்த வரிசையே உகந்தது என்று எனக்குப் படுகிறது.

திங்கட்கிழமை, ஆனைமலை

வகுப்பு நிறைவுற்றது. காலையில் விடைபெறும்போது, இனிச் செய்ய வேண்டியவை பற்றிச் சில சொல்லித் தந்தார்கள். பேராசை, சினம், கடும்பற்று, முறையற்ற பால்கவர்ச்சி, உயர்வு தாழ்வு மனப்பான்மை, வஞ்சம் என்ற ஆறு குணங்களை நிறைமனம், பொறுமை, ஈகை, கற்பு, சமநோக்கு, மன்னிப்பு என்று மாற்றிக்கொள்வதே நோக்கம். சினத்துக்கு எதிரே பொறுமையும், வஞ்சத்துக்கு எதிரே மன்னிப்பும் தனித்தனியே வைக்கப்பட்டிருப்பதைப் பார்த்தபோது, சனிக்கிழமை அண்ணனின் பெயர் ஏன் என் பட்டியலில் வரவில்லை என்பது விளங்கியது. அந்தத் தாளில் அதற்கு இடமில்லை. அது ஆறாவது குணத்துக்கு உரியது. குரல் உயராத சினம் சினமாகத் தோன்றுவதில்லை. அது பேச்சு வார்த்தையைக் குறைத்துக்கொண்டு, விசேஷங்களுக்கு மட்டும் வந்து போய்க்கொண்டு, மிகுந்த மரியாதையோடு ஆண்டுக்கணக்கில் உள்ளே தங்கியிருக்கும்.

உடுமலை அம்மா வீடு திரும்பும் வழியில் மாசாணியம்மன் கோயிலுக்குப் போக வேண்டும் என்றார்; நானும் உடன் சென்றேன். ஆனைமலையில் அம்மன் படுத்த கோலத்தில் காட்சி தருகிறாள். திருட்டுக் கொடுத்தவர்களும் ஏமாற்றப்பட்டவர்களும் நியாயம் கேட்டு இங்கு வந்து, ஆட்டுக்கல்லில் காய்ந்த மிளகாயை அரைத்து, நீதிக்கல்லில் பூசி முறையிடுகிறார்கள். அருகில் நின்றால் காரம் மூக்கில் ஏறிக் கண் கலங்கும். நாங்கள் சென்றபோது நடுத்தர வயதுப் பெண் ஒருவர் அரைத்துக்கொண்டிருந்தார். அவர் எதையும் முணுமுணுக்கவில்லை. உதட்டை அழுத்தி மூடிக்கொண்டு, குழவியை ஒரே சீராகச் சுற்றினார். விரல் இடுக்குகள் சிவந்திருந்தன. அரைத்த விழுதை வழித்துக் கல்லில் அப்பியபோது உள்ளங்கை எரிந்திருக்க வேண்டும். அவர் கையை உதறவில்லை. நேரம் எடுத்து, ஓரங்கள் வரை பூசினார். சினத்தை ஒளிக்காமல், இன்னாரிடம் இன்ன காரணத்துக்கு என்று தெய்வத்தின் முன் வைக்கும் இந்த வழக்கத்தை நான் தாழ்வாக நினைக்கவில்லை. முறையிட இடமில்லாதவர்களுக்கு இது ஒரு நீதிமன்றம். சினம் தவிர் என்று சொல்பவர்கள், சினம் கொள்ள நியாயம் உள்ளவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

நினைத்தது நிறைவேறியதும், பூசிய கல்லைக் குளிர்விக்க எண்ணெய்க் காப்புச் செய்வது வழக்கம். உடுமலை அம்மா எண்ணெய் வாங்கிவந்திருந்தார். சில ஆண்டுகளுக்கு முன் தோப்புக் கிணற்றிலிருந்து மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். யார் என்று ஊருக்கே தெரியுமாம், சாட்சி இல்லையாம். அப்போது வந்து மிளகாய் அரைத்துப் பூசியிருக்கிறார்.

"மோட்டார் கிடைச்சிடுச்சுங்களாம்மா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க டீச்சர். அது எங்க கெடைக்குமுங்க? ஆனா காரத்த எறக்கி வெச்சுட்டுப் போயரலாம்னு தோணுச்சுங்க. நேத்துப் பூரா அதேதான் நெனச்சுட்டு இருந்தனுங்க."

எண்ணெய்க் காப்பை முடித்துவிட்டுப் பேருந்து நிலையத்துக்கு நடந்தோம். வழியில் அவர் பேசியதெல்லாம் மரம் வெட்டும் ஆட்களின் கூலியைப் பற்றியே இருந்தது. அந்த வாரமே ஆள் விடுவதாக மகனிடம் சொல்லிவிட்டார். நான் பொள்ளாச்சிப் பேருந்திலும் அவர் உடுமலைப் பேருந்திலும் ஏறிக்கொண்டோம்.

செவ்வாய்க்கிழமை, ரயிலில்

கோவையில் காலையில் புறப்பட்ட ரயில் ஈரோட்டைத் தாண்டிவிட்டது. இருக்கையின் மடிப்பலகையில் நோட்டை வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

இந்த வகுப்பைப் பற்றி விசாரித்து எழுதிய நண்பர்களுக்கு ஒன்று: ஆழியாறு வரை வர இயலாதவர்களுக்கு அவரவர் ஊரிலேயே வேதாத்திரியின் பயிற்சிகளைக் கற்பிக்கும் மனவளக்கலை மன்றங்கள் இருக்கின்றன. அங்கும் செல்ல விருப்பம் இல்லாதவர்கள், பெயரிட்டு எழுதுவது என்ற ஒன்றை மட்டும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். இரவு உறங்குமுன் என்று ஒரு நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். யாரிடம், எந்த இடத்தில், எந்தச் சொல்லுக்கு என்று எழுதுங்கள். தீர்ப்பு எழுத வேண்டாம். மனச்சோர்வு நீண்ட நாளாக இருப்பவர்களும், துயரமான ஒன்றைத் தனியே கிளறினால் தாங்க மாட்டோம் என்று அஞ்சுபவர்களும், மனநல மருத்துவரின் துணையோடு தொடங்குவதே நல்லது. அதை இந்தப் பயிற்சி ஈடு செய்யாது.

நான் எழுதும் நோட்டில் அம்மாவுக்கு ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டேன். வீட்டுக்குப் போனதும் அவர் முதலில் கேட்கப்போவது என்ன என்பது தெரியும்: ரயிலில் கூட்டம் இருந்ததா என்று கேட்பார், சற்று நேரத்தில் மறுபடியும் கேட்பார். அடுத்த பக்கத்தில் அண்ணனின் பெயரை எழுதினேன். அதன் எதிரே எழுத வேண்டியவற்றை எழுத கரூர் வரை நேரம் பிடித்தது. வீட்டைப் பிரித்த அன்று நடந்தவை நான் நினைவில் வைத்திருந்த வரிசையில் நடக்கவில்லை என்பது, நிகழ்ச்சிகளை மணிவாரியாக எழுதியபோது தெரிந்தது. அப்பாவின் தறியை யார் வைத்துக்கொள்வது என்ற பேச்சு வந்த பிறகுதான் குரல்கள் மாறின. அதுவரை நாங்கள் இருவரும் ஒரே பக்கமாகத்தான் பேசிக்கொண்டிருந்தோம். நியாயம் என் பக்கம் இருந்தது என்றே இன்றும் நினைக்கிறேன். அதை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று எவரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. அவரைப் பார்த்தே பல மாதங்கள் ஆகின்றன என்பது வேறு கணக்கு.

திருச்சியில் வண்டி நின்றபோது, ஞாயிற்றுக்கிழமை அம்மாவை அழைத்துக்கொண்டு வருகிறேன் என்று அண்ணிக்குச் செய்தி அனுப்பினேன். தஞ்சாவூர் வருமுன் பதில் வந்துவிட்டது. அண்ணனிடம் சொல்லிவிட்டாராம், மதியச் சாப்பாட்டுக்கே வந்துவிடுங்கள், அத்தைக்கு மெல்ல ஏதுவாக என்ன சமைக்கட்டும் என்று கேட்டிருந்தார். பருப்புத் துவையலும் குழைந்த சாதமும் போதும் என்று எழுதினேன்.